கட்டுமானத் திட்ட மேலாண்மை வகுப்பில் சிமுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளநிலை, முதுநிலைப் பட்ட வகுப்புகளில் கட்டுமானத் திட்ட மேலாண்மை கற்பிப்பவர்கள், பாடத்தில் சிமுலேஷனைச் சேர்க்க நினைக்கும்போது எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. இத்தகைய வகுப்புகளை நடத்திய அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை என்பதால், சில விடைகளில் எழுதுபவரின் சார்பும் கலந்திருக்கும்.

சிமுலேஷன் என்று இங்கே எதைக் குறிப்பிடுகிறோம்?

ஒரு கட்டுமானப் பணியின் போக்கை, அதன் விதிகளோடும் நிச்சயமின்மையோடும் சேர்த்து, வகுப்பறைக்குள் ஓட்டிப் பார்ப்பதையே குறிப்பிடுகிறோம். சில்லுகளும் நாணயங்களும் கொண்டு மேசைமேல் ஆடும் ஆட்டமும் சிமுலேஷன்தான். லாரிகளும் மண்வாரி இயந்திரமும் எப்போது காத்திருக்கின்றன, எப்போது இயங்குகின்றன என்று நிமிடக் கணக்கில் காட்டும் கணினி மாதிரியும் சிமுலேஷன்தான். மாணவர்கள் ஒப்பந்ததாரராகவும் உரிமையாளராகவும் வடிவமைப்பாளராகவும் பொறுப்பேற்று, வாரம் வாரம் முடிவெடுத்து, அம்முடிவுகளின் விளைவை அடுத்த வாரம் சந்திக்கும் நீண்ட பயிற்சியும் சிமுலேஷன்தான். மூன்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு: மாணவர் வேறு முடிவெடுத்தால் வேறு விளைவு வரவேண்டும். கட்டடம் தரையிலிருந்து தளம் தளமாக எழுவதைக் காட்டும் அசைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்ப்பவர் என்ன செய்தாலும் அது அதே போல்தான் எழும் என்றால், அது விளக்கப்படம், சிமுலேஷன் அல்ல.

வலைப்பின்னல் வரைபடமும் பட்டை அட்டவணையும் கற்பித்தால் போதாதா?

வேலைகளின் வரிசையையும் காலத்தையும் காட்டும் அவை இல்லாமல் எதுவும் நடக்காது. ஆனால் அவை மட்டும் போதாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 1957-இல் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ரேண்ட் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய நெருக்கடிப் பாதை முறை (திட்டத்தின் மொத்தக் காலத்தைத் தீர்மானிக்கும் மிக நீண்ட வேலைத்தொடரைக் கண்டறியும் முறை), ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு கால அளவை எடுத்துக்கொள்கிறது. அதற்கு அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக வந்த பெர்ட் முறை, மிகக் குறைந்த காலம், நிகழக்கூடிய காலம், மிக நீண்ட காலம் என்று மூன்று மதிப்பீடுகளை வாங்கிக்கொள்கிறது. ஒரு வேலைக்கு இவை முறையே 6, 8, 16 நாள்கள் என்றால், நடுமதிப்பை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுக்க, எதிர்பார்க்கப்படும் காலம் 9 நாள்கள் என்று வரும். ஆனால் அதன் பிறகு பெர்ட்டும் ஒரே ஒரு நெருக்கடிப் பாதையைத் தேர்ந்து அதன்மேல்தான் நடக்கிறது. பல வேலைகள் ஓர் இடத்தில் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதை அது கண்டுகொள்வதில்லை.

இதை வகுப்பில் இரண்டு நிமிடத்தில் காட்டலாம். ஒரு பகடையை உருட்டினால் சராசரி 3.5. இரண்டு பகடைகளை உருட்டி, இரண்டில் பெரியதை மட்டும் எடுத்துக்கொண்டால் சராசரி ஏறக்குறைய 4.47, மூன்று பகடைகள் என்றால் 4.96. கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி கட்டுதல், அச்சுப்பலகை, மின்குழாய் பதித்தல் ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும்; மூன்றில் எது கடைசியோ அதுதான் கான்கிரீட் நாளைத் தீர்மானிக்கும். ஒவ்வொன்றும் குறித்த நாளில் முடிய 80 சதவீத வாய்ப்பு இருந்து, அவை ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், மூன்றும் அன்று முடிந்திருக்கும் வாய்ப்பு 51.2 சதவீதம் மட்டுமே. இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். தாங்களே பகடை உருட்டி, தங்கள் அட்டவணையே பின்தங்குவதைக் கண்டால், "ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட நேரத்துக்கு முடித்தார்கள், பிறகு எப்படித் தாமதம்?" என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வருவதுதான் வேண்டியது.

இது புதிய முறையா?

இல்லை. விமானிகளைத் தரையிலேயே பயிற்றுவிக்கும் இயந்திரத்தை எட்வின் லிங்க் 1929-இல் உருவாக்கினார். கட்டுமானத்துறையைப் பொறுத்தவரை, 1970-களில் டேனியல் ஹால்பின் உருவாக்கிய சைக்ளோன் முறை, திரும்பத் திரும்ப நடக்கும் பணிகளைச் சில எளிய குறியீடுகளால் வரைந்து ஓட்டிப் பார்க்க வழிசெய்தது. ஹூலியோ மார்டினெஸின் ஸ்ட்ரோபோஸ்கோப் என்ற சிமுலேஷன் மென்பொருள் 1996-இல் வந்தது; ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் சிம்ஃபனி என்ற மென்பொருள் உருவானது. வேலைப்பிரிவுகளின் அணிவகுப்பு என்று பொருள்படும் பெயர் கொண்ட (Parade of Trades) ஆட்டத்தை டாம்மலைன், ரைலி, ஹாவெல் மூவரும் 1999-இல் ஆய்விதழில் விவரித்தார்கள். ஆக, கருவிகள் வந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. பாடத்திட்டங்கள்தான் இன்னும் கணக்குத்தாளை விட்டு நகரத் தயங்குகின்றன.

கணினி இல்லாமல் நடத்த முடியுமா?

முடியும், முதல் வகுப்பைக் கணினி இல்லாமல் நடத்துவதே நல்லது என்பது என் கருத்து. மேலே சொன்ன அணிவகுப்பு ஆட்டத்தின் எளிய வடிவம் ஒன்றை இங்கே விரிவாகத் தருகிறேன்.

ஐந்து மாணவர்கள் வரிசையாக அமர்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வேலைப்பிரிவு: சுவர் எழுப்புவோர், மின்குழாய் பதிப்போர், பூச்சு வேலை செய்வோர், தரை பதிப்போர், வண்ணம் அடிப்போர். முதலாமவர் முன் 35 சில்லுகள். ஒவ்வொரு சில்லும் ஓர் அறை. ஒரு சுற்று ஒரு வாரம். ஒருவர் இந்த வாரம் முடித்துத் தள்ளிய சில்லை அடுத்தவர் அடுத்த வாரம்தான் தொட முடியும். முதல் ஆட்டத்தில் எல்லோருடைய திறனும் வாரத்துக்குச் சரியாக 5. முதலாமவர் 7 வாரத்தில் முடிப்பார்; அவருக்குப் பின்னால் உள்ள நால்வரும் ஒவ்வொரு வாரம் பிந்தி முடிக்க, மொத்தம் 11 வாரம்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாணயம். வாரம்தோறும் பூவா தலையா பார்க்க வேண்டும். தலை விழுந்தால் அந்த வாரத் திறன் 9, பூ விழுந்தால் 1. சராசரி அதே 5. ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு மாணவரும் மொத்தம் எத்தனை வாரம் ஆகும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பெரும்பாலோர் 11 அல்லது 12 என்றே எழுதுவார்கள். சராசரி மாறவில்லையே!

இப்போது முதல் இருவரை மட்டும் கவனியுங்கள். முதல் வாரம் முதலாமவருக்குப் பூ. ஒரு சில்லைத் தள்ளுகிறார். இரண்டாம் வாரம் அவருக்குத் தலை, ஒன்பதைத் தள்ளுகிறார். அதே வாரம் இரண்டாமவருக்கும் தலை விழுகிறது, ஆனால் அவர்முன் இருப்பது முந்தைய வாரம் வந்த ஒரே ஒரு சில்லு. எட்டு அறைக்கான திறன் வீணாகிறது. மூன்றாம் வாரம் அவர்முன் ஒன்பது சில்லுகள் குவிந்திருக்க, அவருக்குப் பூ விழுகிறது. ஒன்றைத்தான் நகர்த்த முடிகிறது. இரண்டு வாரங்களில் முதலாமவர் 10 சில்லுகளைத் தந்திருக்கிறார். இரண்டாமவருடைய நாணயமும் 10-க்கான திறனைத் தந்திருக்கிறது. ஆனால் அவர் கடத்தியதோ 2. இழந்த வாரத்தின் திறனைச் சேமித்து வைத்து மறுவாரம் பயன்படுத்த முடியாது என்பது இந்த ஒரு காட்சியில் பிடிபட்டுவிடும். ஐந்தாம் இடத்தில் இருக்கும் வண்ணக்காரர் பல வாரங்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார். கடைசியில் தாமதத்துக்கான பழியும் அவர்மேல்தான் விழும், ஏனென்றால் எல்லோரும் முடித்த பிறகும் வேலை செய்துகொண்டிருப்பவர் அவர்தான்.

மூன்றாவது ஆட்டத்தில் 9, 1 என்பதை 6, 4 என்று குறையுங்கள். ஏற்ற இறக்கத்தைக் குறைத்தாலே, சராசரித் திறனைக் கூட்டாமலே காலம் சுருங்குவதை மாணவர்கள் காண்பார்கள். பணித்தளத்தில் இதற்கு என்ன பொருள் என்ற விவாதம் அங்கிருந்து தானாகத் தொடங்கும்: பொருள்கள் நேரத்துக்கு வருவது, வரைபடங்கள் முன்கூட்டியே முடிவாவது, ஒரு வாரத்துக்கு வாக்களித்த வேலையை அந்த வாரத்தில் முடிப்பது.

கணினி மாதிரியை எங்கே தொடங்கலாம்?

மண் அள்ளும் பணியில். அதில் வளம் இரண்டே வகை; சுழற்சி தெளிவு; கையாலும் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். ஒரு மண்வாரி இயந்திரம் ஒரு லாரியை நிரப்ப 4 நிமிடம் எடுக்கிறது. லாரி சென்று கொட்டித் திரும்ப 20 நிமிடம். ஒரு லாரியின் சுழற்சி 24 நிமிடம் என்பதால், 24-ஐ 4-ஆல் வகுத்து ஆறு லாரிகள் வேண்டும் என்று மாணவர்கள் சொல்வார்கள். இயந்திரம் ஓய்வின்றி இயங்கி மணிக்கு 15 லோடு தரும். எல்லா நேரங்களும் கடிகாரம் போல் மாறாமல் இருந்தால் இது சரியான விடை.

அதே சராசரிகளை வைத்துக்கொண்டு, நேரங்களை அடுக்குக்குறிப் பரவலின்படி (குறுகிய நேரங்கள் அடிக்கடியும் மிக நீண்டவை எப்போதாவதும் வரும் பரவல்) ஏறி இறங்க விடுங்கள். அப்போது ஆறு லாரிகளுக்குக் கிடைப்பது மணிக்கு ஏறக்குறைய 12.1 லோடுதான். ஏழு லாரிகளுக்கு 13.2, எட்டுக்கு 13.9. இரண்டு லாரிகளைக் கூட்டியும் 15-ஐத் தொட முடியவில்லை. ஏழாவது லாரி கொண்டுவந்த கூடுதலைவிட எட்டாவது கொண்டுவருவது குறைவு. இந்தப் பரவல் உண்மையான பணித்தளத்தைவிட ஏற்ற இறக்கத்தை மிகைப்படுத்துகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மாணவர்களே ஒரு பணித்தளத்தில் நேரம் குறித்து வந்து, அந்தத் தரவை மாதிரியில் இட்டால், உண்மை 12.1-க்கும் 15-க்கும் இடையில் எங்கோ நிற்பதைக் காண்பார்கள். எட்டாவது லாரிக்கு வாடகை கொடுக்கலாமா என்ற கேள்விக்கு விடை அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதை மாணவர் தாமாகக் கணக்கிட்டுச் சொல்லும்போதுதான் அவர் மேலாளரைப் போல் யோசிக்கத் தொடங்கியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

இதற்குத் தனி மென்பொருள் கட்டாயமில்லை. மான்டி கார்லோ முறையில், அதாவது தற்செயல் எண்களைக் கொண்டு அட்டவணையைப் பலமுறை ஓட்டிப் பார்த்து, அதன் அபாயத்தை ஆராய எக்செல்லே போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஆயிரம் முறை ஓட்டினாலும், வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானம் உள்ளே ஒளிந்திருந்தால் விடையின் பரப்பு உண்மையைவிடக் குறுகலாக வரும். மழை பெய்தால் வெளிவேலைகள் எல்லாமே சேர்ந்துதான் தாமதமாகும்.

வேடமேற்கும் நீண்ட ஆட்டத்தை எப்படி அமைப்பது?

நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள், ஆறு முதல் பத்துச் சுற்றுகள், சுற்றுக்கு மூன்று நான்கு முடிவுகள் என்பது கையாளக்கூடிய அளவு. எத்தனை ஆள்களை இறக்குவது, கூடுதல் நேரம் வேலை வாங்குவதா, எந்தத் துணை ஒப்பந்ததாரரை அமர்த்துவது, பொருளை எப்போது கொள்முதல் செய்வது ஆகியவை போதும். முடிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் ஆட்டம் நிஜத்தை நெருங்கும் என்று தோன்றும். உண்மையில் மாணவர்கள் படிவம் நிரப்புவதிலேயே களைத்துப்போவார்கள்.

முடிவுகளுக்கிடையிலான தொடர்புகளில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. ஆளைக் கூட்டினால் வேகம் கூடும், ஆனால் ஒரே தளத்தில் நெரிசல் ஏற்பட்டு ஒருவரின் உற்பத்தித்திறன் இறங்கும். கூடுதல் நேரம் முதல் வாரத்தில் கைகொடுக்கும், தொடர்ந்தால் களைப்பும் மறுவேலையும் பெருகும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஈட்டிய மதிப்பு அறிக்கை (முடிந்த வேலையைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் அறிக்கை) தரப்பட வேண்டும். திட்டப்படி 50 அலகு முடிந்திருக்க வேண்டிய நாளில் 40 அலகு முடிந்து, அதற்கு 48 அலகு செலவாகியிருந்தால், கால அட்டவணைக் குறியீடு (40/50) 0.80, செலவுக் குறியீடு (40/48) 0.83. இந்த இரண்டு எண்களைத் தேர்வில் கணக்கிடத் தெரிந்த மாணவர்கள்கூட, தங்கள் குழுவுக்கே அவை வரும்போது என்ன செய்வது என்று திகைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் திகைப்புக்கு இடம் தராத ஆட்டத்தால் பெரிய பயன் இல்லை.

ஆட்டத்துக்குப் பிந்தைய கலந்துரையாடலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஆட்டத்துக்கு ஒதுக்கும் அதே அளவு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன்.

ஆட்டம் தானாக எதையும் கற்பிப்பதில்லை. வென்ற குழு தன் சாமர்த்தியத்தால் வென்றதாகவும், தோற்ற குழு நாணயம் சதி செய்ததாகவும் நினைத்துக்கொண்டு வெளியேறுவதுதான் இயல்பு. டேவிட் கோல்ப் 1984-இல் முன்வைத்த அனுபவவழிக் கற்றல் சுழற்சியில் அனுபவம் நான்கில் ஒரு கட்டம்தான். அசைபோடுவதும், பொதுமைப்படுத்துவதும், மீண்டும் முயன்று பார்ப்பதும் மற்ற மூன்று. பாடவேளை குறைவு என்பதால் ஆட்டத்தை மட்டும் நடத்திவிட்டு, கலந்துரையாடலை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்த வகுப்புகளில், அடுத்த வாரம் மாணவர்களுக்கு நினைவிருந்தது யார் வென்றார் என்பது மட்டுமே. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

கலந்துரையாடலுக்கு அச்சாணி, ஆட்டத்துக்கு முன் மடித்து வைத்த துண்டுத்தாள். அதை இப்போது பிரிக்கச் சொல்லுங்கள். 11 என்று எழுதியவர் முன்னால் வேறு ஓர் எண் நிற்கிறது. எங்கே தவறியது என் கணிப்பு என்று அவர் தேடத் தொடங்குகிறார். கணிப்பை எழுதி வைக்காதவர், நடந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்கு இது முன்பே தெரியும்" என்று மனதாரச் சொல்வார். பொய் சொல்வதாக அவருக்கே தெரியாது. பிறகு கேட்க வேண்டியவை: உங்கள் வரிசையில் சில்லுகள் எங்கே குவிந்தன, யார் காத்திருந்தார், எந்த வாரத்தில் முடிவை மாற்றியிருக்கலாம், மாற்றியிருந்தால் யாருடைய வேலை பாதிக்கப்பட்டிருக்கும். ஆசிரியர் விடை சொல்ல அவசரப்படக் கூடாது. வகுப்பு அமைதியாக இருக்கும் அரை நிமிடத்தைப் பொறுத்துக்கொள்வது கடினம்தான்.

மதிப்பெண் எதற்கு வழங்குவது?

லாபத்துக்கோ முடித்த நாளுக்கோ வழங்க வேண்டாம். நிச்சயமின்மை உள்ள ஆட்டத்தில் நல்ல முடிவு தோற்கவும் மோசமான முடிவு வெல்லவும் கூடும். அதற்கு மதிப்பெண் தந்தால், நாம் கற்பிக்க வந்ததற்கு நேர்மாறானதைக் கற்பித்துவிடுவோம். சுற்றுக்கு முன் எழுதிய கணிப்பு, அதற்குச் சொன்ன காரணம், விளைவு வந்தபின் எழுதிய விளக்கம் ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் தரலாம். கணிப்பு தவறியிருந்தாலும் விளக்கம் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் உண்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும்.

குழுக்களை ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால், கணினி மாதிரியில் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே விதையெண்ணை (தற்செயல் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்) கொடுங்கள். அப்போது எல்லோருக்கும் அதே வாரத்தில் அதே மழை பெய்யும். வேறுபாடு முடிவுகளால் மட்டுமே வரும். மேசை ஆட்டத்தில், நாணயத்தின் முடிவுகளை முன்கூட்டியே பட்டியலிட்டு எல்லா மேசைகளுக்கும் அதே பட்டியலைத் தருவது இதற்கு ஈடு.

மாணவர்கள் ஆட்டத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்து வென்றால்?

கண்டுபிடிப்பார்கள். கடைசிச் சுற்றில் பராமரிப்பு, பாதுகாப்பு, தரச்சோதனை ஆகியவற்றின் செலவை வெட்டிவிட்டு லாபம் காட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும், ஏனென்றால் ஆட்டத்துக்கு அடுத்த நாள் என்று ஒன்று கிடையாது. கட்டி ஒப்படைத்த பிறகான குறைபாடுகளுக்குச் செலவு பிடிக்கும் ஒரு சுற்றை அறிவிக்காமல் சேர்த்துவைத்தால் இது அடங்கும். ஆனால் ஓட்டையைக் கண்டவரைத் தண்டிக்காதீர்கள். அவரை எழுப்பி, இதே ஓட்டை உண்மையான ஒப்பந்தங்களில் எங்கே இருக்கிறது என்று விளக்கச் சொன்னால், வகுப்பின் மிகச் சிறந்த பத்து நிமிடங்களாக அது அமைந்துவிடுவதுண்டு.

மாதிரி உண்மையோடு பொருந்துகிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

இரண்டு சோதனைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் நினைத்ததைத்தான் கணினி செய்கிறதா என்பது முதலாவது. ஏற்ற இறக்கத்தை முழுவதும் நீக்கிவிட்டு ஓட்டினால், ஆறு லாரிகளுக்கு மணிக்கு 15 லோடு என்ற கைக்கணக்கு அப்படியே வர வேண்டும். நாம் நினைத்ததே பணித்தளத்தின் நடப்போடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாவது. அதற்கு அனுபவமுள்ள பொறியாளர் ஒருவரிடம் மாதிரியின் போக்கைக் காட்டிக் கேட்பதும், கையால் எடுத்த நேரக்குறிப்புகளோடு ஒப்பிடுவதும் தவிர வேறு வழியில்லை. வகுப்புக்கான மாதிரி துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தத் திசையில் பிழையாக இருக்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும்.

மெய்நிகர் கண்ணாடிகளும் நான்கு பரிமாண மாதிரிகளும் தேவையா?

கட்டடத் தகவல் மாதிரியோடு கால அட்டவணையை இணைக்கும் நான்கு பரிமாண முறை, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இரு குழுக்கள் மோதுவதைக் கண்ணுக்குக் காட்டுவதில் ஒப்பற்றது. மெய்நிகர் கண்ணாடி, உயரத்திலும் பள்ளத்திலும் உள்ள ஆபத்துகளை ஆபத்தின்றி அடையாளம் காணப் பழக்குகிறது. காத்திருப்பு, ஏற்ற இறக்கம், முடிவின் பின்விளைவு ஆகியவற்றைக் கற்பிக்க இரண்டும் தேவையில்லை.

இது பணித்தளப் பயிற்சிக்கு மாற்றாகுமா?

ஆகாது. மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது, ஈரக் கான்கிரீட்டைப் பார்த்தே அதன் பதத்தை எப்படி அறிவது என்பவற்றை எந்த மாதிரியும் தராது. ஆனால் பணித்தளத்தில் ஒரு மாணவர் இருக்கும் சில வாரங்களில் ஒரு திட்டம் தொடங்கி முடிவதைப் பார்க்க முடியாது. தவறான முடிவெடுத்துப் பார்க்கவும் அனுமதி கிடைக்காது. ஆட்டத்தை முதலில் ஆடிவிட்டுப் பணித்தளத்துக்குப் போகிறவர், அங்கே சும்மா அமர்ந்திருக்கும் குழுவைச் சோம்பேறிகள் என்று எழுதாமல், அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று விசாரிக்கிறார். களக்குறிப்பேடுகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

முதன்முறையாக நடத்தும் ஆசிரியர் எதைத் தயார்செய்ய வேண்டும்?

சக ஆசிரியர்கள் நால்வரோடு ஒருமுறை முழு ஆட்டத்தையும் ஆடிப் பாருங்கள். விதிகளில் எந்த வரி இரண்டு பொருள்படுகிறது என்பது அப்போதுதான் தெரியும். சில்லை நகர்த்திய பிறகு நாணயம் சுண்டுவதா, சுண்டிய பிறகு நகர்த்துவதா என்பதில்தான் பெரும்பாலும் குழப்பம் வரும். ஒவ்வொரு மேசைக்கும் வாரவாரியாகத் திறன், நகர்த்தியது, மீதம் என்று மூன்று கட்டங்கள் கொண்ட பதிவுத்தாள் ஒன்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் கலந்துரையாடலில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆட்டத்துக்கு நீங்கள் மதிப்பிடும் நேரத்தோடு இருபது நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நேரம் போதாமல் போனால் மூன்றாவது ஆட்டத்தை விட்டுவிடுங்கள். துண்டுத்தாளைப் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள்.